கண்ணை மூடியபோது கிடைத்த படம்

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதித் தருகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் என் கேமராவை விற்றுவிடும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

எனக்கு உத்திரமேரூரில் ஒரு சின்ன ஸ்டுடியோ. படிப்பு நின்ற பிறகு, வேறொரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக் கவரில் போடும் வேலைக்குப் போய், அங்கேயே கேமராவையும் கற்றுக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று எது வந்தாலும் எடுப்பேன். ஆனால் எதற்குப் போனாலும் பயம். பேட்டரி தீர்ந்துவிடுமோ, கார்டு கெட்டுவிடுமோ என்று பத்துத் தடவை எடுத்துப் பார்ப்பேன். ஜெபம் பண்ணிக்கொண்டேதான் படம் எடுப்பேன்.

சாலவாக்கம் பக்கம் ஒரு சபையில் கல்யாணம். போதகர் தாலியைக் கையில் வாங்கி, "ஜெபிப்போம்" என்றார். பழக்கத்தில் நானும் கண்ணை மூடிவிட்டேன். அவர் ஜெபத்தை முடித்துவிட்டார். நான் முடிக்கவில்லை. "ஆண்டவரே, இந்தப் படம் நல்லா விழணும், கை ஆடக்கூடாது" என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். கைதட்டல் கேட்டுக் கண்ணைத் திறந்தால், மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவிலும் மாப்பிள்ளையின் முதுகுதான் இருந்தது.

பெண்ணின் அப்பா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். "பந்தியில சாப்புட்றத நாப்பது படம் எடுத்துக்கீற. தாலி எங்கமா?" என்று கேட்டார். கூட வந்திருந்த கல்யாணப் பெண் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "நீ கண்ண மூடிக்கினு நின்னத நான் பாத்தேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு கேமராவைத் தூக்கினாலே அந்த முதுகுதான் கண்ணுக்குள் வந்து நிற்கும். பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. காஞ்சிபுரத்தில் கேமரா பழுது பார்க்கும் அண்ணன், "எல்லாத்தயும் எடுக்கறேன்னு அலையாதம்மா. ஒண்ண புடிச்சுக்கோ, அதுல பேர் எடு" என்றார். எதைப் பிடிப்பது? பச்சைக் குழந்தைகளைப் படுக்க வைத்து எடுக்கலாம் என்றால், கை தவறிவிடுமோ என்று பயம். பட்டுப்புடவைக் கடைகளுக்கு எடுக்கலாம் என்றால், அதற்கு வைக்கும் பெரிய விளக்குகளைப் பார்த்தாலே பயம்.

என் வீட்டுக்காரர் தாவீது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என் புலம்பலையெல்லாம் கேட்டுவிட்டு, "இன்னாமே, பயப்பட்றதுலதான் நீ பெரிய ஸ்பெஷலிஸ்ட்டு. அதயே போர்டுல எழுதி மாட்டிடலாம்" என்றார். சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

கடைசியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். அந்த வாரம் முழுவதும் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, எனக்கென்று ஒரு வேலை இருந்தால் சனிக்கிழமைக்குள் காட்டும். இல்லையென்றால் கேமராவை விற்றுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளி வரை ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை காலையில், மாகறலில் இருந்து குமாரி என்ற ஒரு தாய் வந்தாள். வயல் வேலை செய்பவள். கூடவே ஒன்பது வயது மகன் சந்தோஷ். ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு இல்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டான். மாற்றுத்திறனாளி அட்டைக்குப் படம் வேண்டுமாம்.

"மூணு கடையில முடியாதுன்னு அனுப்பிட்டாங்கக்கா. இவன் மூஞ்சியே காட்ட மாட்டான். நீயாச்சும் எடுத்துக் குடுக்கா."

முதல் பிளாஷுக்கே அலறிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். பிளாஷை அணைத்தேன். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, அவன் உயரத்துக்கு இறக்கினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கெஞ்சிக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள் குமாரி. ஏதோ முனகிக்கொண்டே சுவரைத்தான் பார்த்தான். "அக்காவ பாருடா, என் ராஜா இல்ல, ஒரே ஒருவாட்டி பாருடா" என்றாள். நான் உற்றுப் பார்க்கப் பார்க்க அவன் இன்னும் திரும்பிக்கொண்டான். குமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. கேமராவை ஒட்டியே தலையை வைத்து, பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, என்னை அறியாமல் கண்ணை மூடிவிட்டேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு படம்."

முனகல் நின்றது. குமாரி கிசுகிசுத்தாள்:

"யக்கா... உன்னத்தான் பாக்கறான்."

கண்ணைத் திறந்தால் திரும்பிவிடுவான் என்று தோன்றியது. மூடியபடியே அழுத்தினேன். இன்னும் இரண்டு முறை அழுத்தினேன்.

முதல் படத்தில் பாதித் தலைதான் இருந்தது. இரண்டாவதில் சந்தோஷ் நேராகப் பார்க்கிறான். இரண்டு கண்ணும் தெரிகிறது. 'இந்த அம்மா என்ன செய்கிறாள்?' என்று கேட்பது போல ஒரு பார்வை.

குமாரி கேமராத் திரையின் மேல் விரலை வைத்தாள். "எங்க வூட்ல இவன் பாக்கற மாரி ஒரு படம் இல்லக்கா. அட்டைக்குச் சின்னது போதும். எனக்கு ஒண்ணு பெருசா போட்டுக் குடு."

இவ்வளவு நடந்தும் எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய், "வாரம் முடிஞ்சிபோச்சி. ஒரே ஒரு பாஸ்போர்ட் படம்தான் வந்துச்சி" என்று தாவீதிடம் அழுதேன். நடந்ததையெல்லாம் கேட்டார்.

"லூசு, அதாம்மே பதிலு" என்றார். "நாம உத்துப் பாக்கறதுதான் அந்தப் புள்ளைக்குப் பயம். கண்ண மூடிக்கினு படம் எடுக்க உன்ன வுட்டா இந்த ஊர்ல எவளுக்கு வரும்?"

திங்கட்கிழமை நான் கம்பெனிக்குப் போகவில்லை. பத்து மணிக்குக் குமாரி இன்னும் இரண்டு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். சந்தோஷைப் போன்ற பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் அவளுக்குப் பழக்கமானவர்களாம்.

இன்றைக்கு எனக்கு இதுதான் வேலை. நாற்காலியில் உட்கார முடியாத பிள்ளைகள், கேமராவைக் கண்டால் ஓடும் பிள்ளைகள், எழுந்து வர முடியாதவர்கள். திருப்புலிவனம் வரைக்கும் வீடுகளுக்கே போய் எடுக்கிறேன். ஒரு படத்துக்கு அரை நாள் ஆனாலும் பயப்படுவதில்லை. பேட்டரி பயம் மட்டும் இன்னும் இருக்கிறது. மூன்று பேட்டரி வைத்திருக்கிறேன்.

அந்தச் சாலவாக்கத்துப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்து அனுப்பினாள். தாலிப் படம் திரும்பி வரவில்லை. ஆண்டவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என்னைத் தலைகுனிய வைத்த அந்தப் பழக்கத்தையே எடுத்து, ஒரு தாயின் கண்ணீரைத் துடைத்தார். என்னைப் போல எதற்கும் லாயக்கில்லை என்று அழுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் குறையை மறைக்காமல் அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள். அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும்.

சந்தோஷ் இப்போதும் மாதம் ஒருமுறை அம்மாவோடு படம் எடுத்துக்கொள்ள வருகிறான். வந்ததும் அந்த நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, என்னைப் போலவே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். நான் கேமராவுக்குப் பக்கத்தில் காத்திருக்கிறேன். அவன் திறப்பான்.