சின்னாளபட்டி சிங்கம் ஆன்லைனில்

திண்டுக்கல் பேகம்பூரில் அஸ்பாக்கைத் தெரியாதவர்கள் குறைவு. அவனோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்தவர்கள் அதைவிடக் குறைவு. பிரிண்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால் அஸ்பாக். வைஃபை படுத்துவிட்டால் அஸ்பாக். சித்தப்பா முறையான சாச்சாவின் போனில் குட்மார்னிங் படங்கள் நிரம்பி, இனி ஒரு ரோஜாப்பூவுக்குக்கூட இடமில்லை என்று ஆகிவிட்டால் அப்போதும் அஸ்பாக்தான். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு போன் வந்து விழும். “ஏலே அஸ்பாக்கு, என்னமோ அப்டேட்டு அப்டேட்டுங்குதுடா, செத்த நேரம் பாரேன்” என்பார்கள். கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பான். சரியாகிவிடும். சரியானதும் போனை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். வேலை பார்த்தவன் சாப்பிட்டானா என்று கேட்க யாருக்கும் தோன்றாது.

அவனுக்கு வயது இருபத்தைந்து. அத்தா சாகுல் ஹமீதுக்குத் தோல் வியாபாரம். மாடி அறைதான் அஸ்பாக்கின் கடை, படுக்கை, உலகம் எல்லாம். வயிற்றைக் கிழித்துப் போட்ட லேப்டாப்புகள் கட்டிலில் கிடக்க, அவன் தரையில் படுப்பான். நடுவில் அவனே பூட்டிய பெரிய கம்ப்யூட்டர். கேபினெட்டுக்குள் நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும். “என்னத்தா இது, கல்யாண மண்டபம் மாதிரி? பொண்ணத்தான் காணோம்” என்று, மகனையும் செல்லமாக அத்தா என்றே கூப்பிடும் அம்மா தாஹிரா வாசலில் நின்று கேலி பேசிவிட்டுப் போவார். கேலிக்குப் பின்னால் கவலை இருப்பது அவனுக்குத் தெரியும். தெரியாததுபோல ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவான்.

ரிப்பேர் எதுவும் இல்லாமல், அஸ்பாக்குக்காகவே அந்த மாடி ஏறி வந்த ஒரே ஆள் பரணி. சின்னாளபட்டியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பாலிடெக்னிக்கில் முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தவன் படிப்பு முடியும்வரை இடம் மாறவில்லை. பரணியின் முதல் கம்ப்யூட்டரை அஸ்பாக்தான் பழைய பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தான். கைப்பிள்ளையைப் போலக் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பரணி பின்னால் உட்கார, மதுரை ரோட்டின் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு பிஸ்மி சொல்லி அஸ்பாக் பைக்கை ஓட்டினான். அன்று சாயங்காலம் தறிச் சத்தத்துக்கு நடுவில் திரையில் வெளிச்சம் வந்ததும், பரணி அவனை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். அதற்குப் பிறகு அவனை யாரும் தூக்கியதில்லை.

இரண்டு பேரும் விளையாடியது ஒரே விளையாட்டுத்தான். விமானத்திலிருந்து ஜோடி ஜோடியாக ஒரு தீவில் குதிக்க வேண்டும், துப்பாக்கி தேட வேண்டும், கடைசிவரை சாகாமல் இருக்க வேண்டும். அஸ்பாக்கின் ஐடி ‘பேகம்பூர் புயல்’. பரணியுடையது ‘சின்னாளபட்டி சிங்கம்’. பெயருக்குத்தான் புயல், கதவுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிச் சுடும். சிங்கமோ முன்பின் பாராமல் நாலு பேருக்கு நடுவில் போய் விழுந்துவிட்டு, “மாப்ள, தூக்கி விடுடா, தூக்கி விடுடா” என்று ஹெட்செட் கிழியக் கத்தும். புயல் போய்த் தூக்கிவிடும். இப்படியே மூன்று வருடம் போனது.

பிறகு பரணிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஆரம்பத்தில் தினமும் பேசினான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசினான். அப்புறம் “பிஸிடா மாப்ள” என்று எழுதினான். நோன்புப் பெருநாளுக்கு அஸ்பாக் அனுப்பிய நீளமான வாழ்த்துக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அஸ்பாக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி அவனாகக் கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தான். வீம்பு பிடித்தால் அதைக் கவனிக்கவாவது ஒரு ஆள் வேண்டும். பரணி கவனிக்கவே இல்லை. மாதங்கள் ஓடின. விளையாட்டின் நண்பர்கள் வரிசையில் சிங்கத்தின் பெயர் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

அது ஒரு மத்தியானம் பச்சையானது.

லுஹர் தொழுது, சாப்பிட்டு, வீடே கண்ணயர்ந்திருந்த நேரம். சும்மா திரையைத் திறந்தவனுக்கு முன்னால் ‘சின்னாளபட்டி சிங்கம் ஆன்லைனில்’ என்று இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால் அஸ்பாக்குக்குக் கண் கலங்கியது. விளையாட அழைத்தான். உடனே வந்து சேர்ந்துகொண்டது சிங்கம்.

“ஏலே! உசுரோடதான் இருக்கியா?”

அந்தப் பக்கத்து மைக் படத்தின் மேல், அணைத்திருப்பதற்கு அடையாளமாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தது. கொஞ்சம் கழித்து, விளையாட்டிலேயே இருக்கும் பொத்தானை அழுத்தி ‘ஓகே’ என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

“ஆபீஸ்ல இருக்கியா? மேனேஜர் பக்கத்துல இருக்கானா? சரி, நீ பேசாத. நான் பேசுறேன், நீ கேளு.”

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் மூன்று மணி அவனுடைய நேரமாகிவிட்டது. சிங்கம் தவறாமல் வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அஸ்பாக்தான் கொட்டித் தீர்த்தான். சின்ன வயதில் கூட விளையாடிய ரஃபீக், கல்யாணமானதும் தெருவில் பார்த்தால்கூடத் தலையை ஆட்டிவிட்டுப் போவதைச் சொன்னான். பெண் வீட்டார் வந்து மாடி அறையை எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி ரிப்பேர் பண்றாப்லயா, வேலைக்கு எங்க போறாப்ல?” என்று கேட்டதைச் சொன்னான். ஒருநாள் புதருக்குள் பதுங்கியிருந்தபோது, “சில நாளு இந்த நேரத்துலதான்டா நான் வாயவே தொறக்குறேன் மாப்ள” என்றான். அதற்கு ‘ஓகே’ வரவில்லை. சிங்கம் தன் பையிலிருந்த மருந்துப் பெட்டியை எடுத்து அவன் காலடியில் வைத்தது.

இங்கேதான் அஸ்பாக் யோசித்திருக்க வேண்டும். பரணி தன் மருந்துப் பெட்டியை யாருக்கும் கொடுத்ததில்லை, அஸ்பாக்குடையதையும் பிடுங்கிக்கொள்வான். இந்தச் சிங்கம் நாலு பேருக்கு நடுவில் போய் விழவில்லை. பின்னாலேயே நின்று காவல் காத்தது. புயல் அடிபட்டு விழுந்தால் குண்டு மழைக்குள் ஓடிவந்து தூக்கியது. எதில் விளையாடுகிறான் என்று காட்ட ஐடிக்குப் பக்கத்தில் வரும் கம்ப்யூட்டர் படத்தின் இடத்தில் இப்போது போன் படம் வேறு. எந்த மிஷினையும் தொட்டதுமே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிறவன், இதை மட்டும் தொட்டுப் பார்க்கவே இல்லை. “பெங்களூரு போயி உனக்குப் புத்தி வந்துருச்சுடா” என்று சிரித்தான். பழைய பரணியைவிட இந்தப் பரணியை அவனுக்கு இன்னும் பிடித்துப்போனது.

பிடித்துப்போகவே ஆசை பெரிதானது. நேரில் பார்க்க வேண்டும், தோளில் ஒரு அடி போட வேண்டும், ஏன்டா பேசவில்லை என்று கேட்க வேண்டும். சனிக்கிழமை இரவு பெங்களூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டான். கேள்விப்பட்ட தாஹிராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகன் மாடியைவிட்டு இறங்கி ஒரு ஊருக்குப் போகிறான் என்பதே அவருக்குப் பெருநாள் மாதிரி. “பரணிக்கு உப்புக்கண்டம்னா உசுருல்ல” என்று வாணலியை ஏற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தீவில் ஒரு வீட்டு மாடிக்கு இருவரும் ஏறிக்கொண்டிருக்கும்போது அஸ்பாக் விஷயத்தை உடைத்தான்.

“மாப்ள, நாளைக்கு ராத்திரி பஸ் ஏறுறேன். ஞாயித்துக்கெழம காலைல உன் ரூம் வாசல்ல நிப்பேன். பழைய அட்ரஸ்தானே? அம்மா உனக்கு உப்புக்கண்டம் பொரிச்சுக்கிட்டு இருக்கு.”

படியேறிக்கொண்டிருந்த சிங்கம் அப்படியே நின்றுவிட்டது.

மைக்கின் சிவப்புக் கோடு மறைந்தது. முதலில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ குறட்டை விடும் சத்தமும் கேட்டது. பிறகு ஒரு நடுத்தர வயது ஆணின் குரல், பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் தணிந்து வந்தது.

“தம்பி, அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க. நான் பரணி இல்ல.”

அஸ்பாக் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

“இந்த ஐடிய நான் வெலைக்கு வாங்குனது தம்பி. எனக்கு மில்லுல நைட் ஷிப்ட்டு. ரூம்ல ஆளுக தூங்குறதால மைக்கு போடுறதில்ல. மொத நாளே சொல்லிருக்கணும். நீங்க வாய் நெறைய மாப்ளன்னு கூப்ட்டீங்க. சொல்ல மனசு வரல.”

யாரோ வந்து இருவரையும் சுட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு பேருமே தடுக்கவில்லை. ஊரில் யாராவது ஷட்டவுன் பண்ணாமல் அப்படியே அணைத்தால் அரைமணி நேரம் திட்டுகிறவன், கைநீட்டிச் சுவர் சுவிட்சைத் தட்டி எல்லாவற்றையும் அணைத்தான்.

யாரோ ஒரு ஆளிடம் இவ்வளவையும் சொல்லித் தொலைத்தோமே என்ற அவமானம் ஒரு பக்கம் இருந்தது. அது பெரிதில்லை. பரணி திரும்பி வந்துவிட்டான் என்று நம்பி இத்தனை நாள் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அவன் வரவே இல்லை. அதுதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. சாயங்காலம்வரை இருட்டறையில் கிடந்தான். பிறகு வீம்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பரணிக்கே போன் போட்டான்.

உடனே எடுத்தான் பரணி.

“மாப்ள! ஆயுசு நூறுடா உனக்கு. நானே கூப்டணும்னு இருந்தேன்.”

அந்த ஒரு நொடி அஸ்பாக்குக்கு எல்லாமே சரியாகிவிட்டது போலிருந்தது.

“என் லேப்டாப் காலையில இருந்து தொங்கிக்கிட்டு நிக்குதுடா. சுத்திக்கிட்டே இருக்கு. இங்க சர்வீஸ்ல குடுத்தா ஒரு வாரம்ங்கிறான். நாளைக்கு எனக்கு ப்ரசன்டேஷன்.”

“அந்த கேம் ஐடிய வித்துட்டியாடா?” என்றான் அஸ்பாக்.

“எது, சிங்கமா? அது போன தீபாவளிக்கே வித்தாச்சு. எவனோ குஜிலியம்பாறைக்காரன் வாங்குனான். ஏன்டா, நீ இன்னும் அத வெளையாடுறியா?” பரணி சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. சின்ன வயசுச் சட்டையை இன்னும் போட்டிருக்கும் ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “சரி, இதச் சொல்லு. என்ன பண்ணணும்?”

அஸ்பாக் சொன்னான். எந்தப் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும், எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னான். லேப்டாப் உயிர் பெற்றது.

“நீதான்டா மாப்ள! இங்க அம்புட்டுப் பேரு இருந்து என்னத்துக்கு? பெங்களூரு பக்கம் வந்தா சொல்லு, பாப்போம். வைக்கட்டா?”

“சரிடா” என்றான் அஸ்பாக். டிக்கெட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கீழே தாஹிரா பாட்டிலில் உப்புக்கண்டத்தை அடைத்து, மூடிக்கு மேல் துணி கட்டிக்கொண்டிருந்தார். “எத்தன மணிக்குத்தா பஸ்ஸு நாளைக்கு?”

“போகலம்மா. அவனுக்கு லீவு இல்லையாம்.”

தாஹிரா மகன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். துணியை அவிழ்த்தார். “அப்ப நீ சாப்டு. சோத்துக்கு வெஞ்சனமா இருக்கும்” என்று தட்டில் அள்ளி வைத்தார். அவன் ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றுகொண்டே இருந்தான்.

இரண்டு மூன்று நாள் அந்தப் பெரிய கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. யாருடைய பிரிண்டரையோ பிரித்துச் சேர்த்தான். சாச்சாவின் போனிலிருந்து ரோஜாப்பூக்களை அழித்தான். மத்தியானம் மூன்று மணி ஆகும்போது மட்டும் கைவேலை ஓடவில்லை. வாயைத் திறக்காமல் இன்னொரு நாளைத் தள்ள முடியாது என்று தெரிந்ததும் உட்கார்ந்து திரையைத் திறந்தான். சிங்கம் ஆன்லைனில் இருந்தது. இவன் கூப்பிடும் முன்பே அங்கிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, வந்துட்டீங்களா? தெனமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.” குரலில் பதற்றம் இருந்தது. “மன்னிச்சுக்கங்க தம்பி. என் பேரு சடையாண்டி. குஜிலியம்பாறைப் பக்கம். சம்சாரம், பிள்ளையெல்லாம் ஊர்ல. இங்க மில்லு ரூம்ல என்கிட்டயும் யாரும் பேசுறது கெடையாது. நீங்க பேசுறதக் கேக்குறதுக்குன்னே எந்திரிச்சு உக்காருவேன். நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க. இனிமே நானும் பேசுறேன் தம்பி, நாம ரெண்டு பேரும்...”

“அண்ணே” என்றான் அஸ்பாக். அவர் நல்ல மனிதர் என்று அவனுக்குத் தெரிந்தது. குண்டு மழையில் எத்தனையோ முறை ஓடிவந்து தூக்கியவர். அவருக்கும் ஆள் வேண்டும் என்பதும் புரிந்தது. புரிந்தும் அவனால் முடியவில்லை.

“அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. மைக்க மட்டும் ஆஃப் பண்ணிருங்க.”

சடையாண்டி என்னவோ சொல்ல வந்து நிறுத்தியது கேட்டது. பிறகு மைக்கின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. விமானம் தீவின் மேல் வந்துவிட்டிருந்தது. இருவரும் குதித்தார்கள்.

“மாப்ள” என்றான் அஸ்பாக். “அன்னைக்கு ஒருத்தன் பெங்களூர்ல இருந்து பேசுனான்டா. லேப்டாப்பு தொங்குதுன்னான். போன்லயே சரி பண்ணிக் குடுத்தேன்.”