அத்தை கூடத்தில் அடுப்பு மூட்டிய நாள்

பருத்திமார், அதாவது பருத்தி எடுத்தபின் பிடுங்கிய செடிக்குச்சி, ஈரத்தோடு எரிகிற வாசனை தெரியுமா உங்களுக்கு? தொண்டையில் கசக்கும். கண்ணில் மிளகாயைத் தேய்த்த மாதிரி எரியும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் சமையலறையில் நாள் முழுக்க அதுதான்...

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்ககிரி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு மருமகளாகப் போனேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். வீட்டில் மாமா, அத்தை, நான். மாமனார் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

அத்தைக்கு இருமல். ஊதுகுழலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதுவார், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ராத்திரியில் படுக்க முடியாது, உட்கார்ந்தேதான் தூக்கம். டி.பி.யாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மா எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார். அத்தை அதைக் கவனித்தார்.

நான்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள்.

"டி.பி. இல்லீங்கம்மா," என்றார் லேடி டாக்டர். "அடுப்புப் பொகைதான் நெஞ்சைக் கெடுத்திருக்குது. மருந்து தர்றேன். ஆனா பொகை நிக்காம இருமல் நிக்காதுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை சிரித்தார். "பொகை நிக்கோணும்னா சோறு நிக்கோணும் சாமி."

அந்தச் சமயத்தில்தான் யூனியன் ஆபீஸிலிருந்து, வீடு வீடாகப் போய் அரசுத் திட்டங்களைச் சொல்கிற கிராம சேவிகா எங்கள் தோட்டத்துக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கவர்மென்ட் கோபர் கேஸ் திட்டம் என்றார். சாணியைக் கரைத்துத் தொட்டியில் விட்டால் கேஸ் வரும், பைப் வழியாக அடுப்புக்குப் போகும், புகையே இருக்காது. தொட்டி கட்ட மானியம் உண்டு, மேஸ்திரியையும் அனுப்புவார்கள்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சாணில பொங்குன சோத்தத் திங்கச் சொல்றீங்களா? எருவோட சத்தும் போயிரும். கவர்மென்ட்டு இன்னைக்குக் குழி தோண்டுன்னு சொல்லும். நாளைக்கு ஆளைத் தேடோணும்."

"எரு கெடாதுங்க. கரைசல் வெளிய வந்துரும், காட்டுக்குப் போட்டுக்கலாமுங்க. ஆளு வர்றதுக்கு நான் பொறுப்புங்க."

மாமா அசையவில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்துவிட்டு லாரி ஏறிவிட்டார். நான் பேசினேன்... புது மருமகள் பேச்சு எங்கே எடுபடும்?

ஒரு நாள் காலை. மாமா கூடத்தில் நாற்காலி போட்டு ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை மூன்று செங்கல்லைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். மேலே உலைப் பானை. கீழே ஈரப் பருத்திமார். தீக்குச்சியைக் கிழித்தார்.

"ஏய், என்ன பண்றே?"

"சோறு ஆக்கறேனுங்க. சமையக்கட்டு ஒழுகுது. நீங்க செய்தி கேளுங்க."

கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சுவர் தெரியவில்லை. மாமா துண்டால் மூக்கை மூடினார், இருமினார், எழுந்தார்.

"எங்க போறீங்க? உலை கொதிக்கற வரைக்கும் சித்தெ உக்காருங்க," என்றார் அத்தை. குரலை உயர்த்தவே இல்லை. "கண்ணாலமாகி வந்த நாள்லருந்து நான் உக்காந்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

களைந்த அரிசியோடு கதவோரம் நின்றிருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாமா வாசலுக்குப் போய் முகத்தைக் கழுவினார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மத்தியானம் திரும்பி வந்தவர் என்னிடம் மட்டும் சொன்னார்: "திங்கக்கெழமை குழி தோண்ட ஆளு வருதாமா. மாட்டை அக்கட்டால கட்டோணும்."

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. விடாத மழை. "பாத்தீங்களா கவர்மென்ட்டை?" என்றார் மாமா. மறுநாள் காலை அதே மழையில் கிராம சேவிகா குடை பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் மேஸ்திரியும் இரண்டு ஆட்களும். சேலையெல்லாம் சேறு.

குழி தோண்டி, செங்கல் கட்டி முடிந்தது. சேலத்திலிருந்து லாரியில் பெரிய இரும்பு டிரம் வந்தது. சாணி கரைத்து ஊற்றி, டிரம்மை அதன்மேல் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தோம். கேஸ் சேரச் சேர டிரம் மெல்ல மேலே எழும்பியது. அடுப்பைப் பற்றவைக்கிற நாளில் தோட்டம் பூராவும் ஆட்கள். மேஸ்திரி குச்சியைக் காட்டினார்... பற்றவில்லை. மாமா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"மொதல்ல வர்ற கேஸ் எரியாதுங்க. இதை வெளிய உட்டுட்டு, மறுபடி ரொம்புனா எரியும்," என்றார் மேஸ்திரி.

சில நாள் கழித்து எரிந்தது. நீலமாக, சத்தமில்லாமல். அத்தை குனிந்து புகை வருகிறதா என்று தேடினார். ஊதுகுழல் இல்லாமல் கையை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. முதலில் காபி போட்டோம். மாமா டம்ளரை முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார்.

"இன்னொரு டம்ளர் ஊத்து."

இருமல் முழுசாகப் போகவில்லை. ஆனால் பொங்கலுக்குள் அத்தை காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். அடுப்பைப் பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்து அம்மா காபியும் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் அவர்கள் தோட்டத்திலும் டிரம் இறங்கியது.

இப்போது டிவியில் காற்று மாசு, கிளைமேட் சேஞ்ச், அரசின் இலக்கு என்று ஏதாவது ஓடினால் என் பையன் சேனலை மாற்றிவிடுகிறான். எல்லாம் பேச்சோடு சரி என்பான். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. போன மாதம் கிராம சபையில், இனிமேல் குப்பையை எரிக்கக் கூடாது, வீடு வீடாக வண்டி வரும் என்றார்கள். பின்னால் சிரிப்பு. நான் எழுந்து, "எந்தக் கெழமை வருமுங்க?" என்று கேட்டேன். ஊராட்சிச் செயலாளர் சின்னப் பெண். "வியாழக்கெழமைங்கம்மா," என்றாள்.

வியாழக்கிழமை காலை விசில் சத்தம் கேட்டது. வாசலில் பேட்டரி வண்டி. கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன்... இதை அத்தை பார்க்கவில்லையே என்று மட்டும் இருந்தது.