போத்தலில் போன தண்ணீர்

போன கிழமை ஒரு கூட்டத்துக்குப் போனேன். 'ஆராய்ச்சி அறிவை மக்களிடம் கொண்டு செல்லும் திட்டம்' என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மக்கள் என்று போட்டிருந்தது... அப்போ என்னைத்தானே சொல்கிறார்கள்? நேரே போய் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்தேன்.

எனக்கு அங்கே ஒரு அலுவல் இருந்தது.

போன வருசம் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் சைக்கிளில் எங்கள் ஊர் புத்தூருக்கு வந்து, எங்கள் ஒழுங்கைக் கிணறுகளிலெல்லாம் போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். என் கிணற்றிலும்தான். உப்புக் கரிக்காத கிணறு அது. 'நல்ல தண்ணிக் கிணறு' எங்கே என்று கேட்டால் தெருவில் போகிறவனும் என் படலையைக் காட்டுவான். அந்தப் பெருமையில் வந்த பிள்ளைகளுக்குச் செம்பில் அள்ளிக் குடிக்கவும் கொடுத்தேன். போத்தல் போனது போனதுதான். ஒரு சொல் திரும்பி வரவில்லை.

இப்போது பக்கத்து வீட்டு ரஞ்சினிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. தாய்ப்பால் காணாது. என் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் பால்மா கரைக்கிறாள்.

"பெரியம்மா, தோட்டப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி கைக்குழந்தைக்குக் கூடாதெண்டு கதைக்கினம். மெய்யோ?"

எனக்கென்ன தெரியும்? தெரிந்தவர்கள் போத்தலோடு போய்விட்டார்களே!

கூட்டத்தில் திட்டம் சொன்னார்கள். சஞ்சிகை வருமாம், கண்காட்சி வருமாம், குழு ஒன்று வருமாம். நடுவில் ஆமி ஹெலி தலைக்கு மேல் இரைந்து வந்தது. சூடு விழுமென்று எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினோம். ஹெலி போனது; திட்டம் தொடர்ந்தது.

கேள்வி கேட்கலாம் என்றதும் எழும்பினேன். எங்கள் தண்ணீரை ஆராய்ந்தவர் என்று அவர்கள் சொன்ன லெக்சரர் மேடையில்தான் இருந்தார்.

"தம்பி, என்ரை கிணத்துத் தண்ணி என்ன சொல்லுது?"

ஒழுங்கையையும் பெயரையும் சொன்னேன். கடதாசிகளைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"உங்கடை நல்ல தண்ணி அம்மா. உப்பே இல்லை."

"உப்பைச் சொல்ல என்ரை நாக்குக் காணும். நாக்குக்குத் தெரியாததைச் சொல்லும். கைக்குழந்தைக்குக் குடுக்கலாமோ?"

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "அது... ஆய்வு இன்னும் வெளியிலை வரேல்லை அம்மா."

"பிள்ளை வெளியிலை வந்து மூண்டு மாசம் தம்பி!"

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"அம்மா இருங்கோ, பிறகு கதைப்பம்" என்றார் கூட்டத் தலைவர்.

"அவர் சொல்லட்டும், இருக்கிறன்."

லெக்சரர் கடதாசியை வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி வந்தார். நல்ல பிள்ளைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். தோட்டத்துக்குப் போடும் உரம் மண்ணுக்குள்ளால் இறங்கிக் கிணற்றில் சேர்கிறதாம். நைத்திரேற்று என்று பெயராம். ருசி இல்லை, மணம் இல்லை. என் கிணற்றில் கைக்குழந்தைக்கு ஆகாத அளவுக்கு இருக்கிறதாம்.

"கொதிக்க வைச்சல்லோ குடுக்கிறம்?"

"கொதிக்க வைச்சால் போகாது அம்மா. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்."

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, இதையா காய்ச்சிக் கொடுத்திருக்கிறோம்?

"ஏன் தம்பி முந்தியே சொல்லேல்லை?"

"சனம் பயந்திடும் எண்டு..."

"பயப்படுறது எங்கடை அலுவல். சொல்லுறது உங்கடை அலுவல். இப்ப எந்தக் கிணத்திலை அள்ளுறது?"

"பள்ளிக்கூடக் கிணறு நல்லம். அதுக்குக் கிட்டத் தோட்டம் இல்லை."

அவ்வளவுதான். வாய் திறந்து சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது? இதற்குக் குழு எதற்கு?

அன்று பின்னேரமே கரித்துண்டு எடுத்து, என் கிணற்றுக் கட்டுச் சுவரில் பெரிதாக எழுதினேன்: 'கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணி வேண்டாம்'.

எதிர்வீட்டுக் கந்தையா அண்ணை படலையில் வந்து நின்றார். "உனக்கென்ன விசரோ? உன்ரை கிணத்தின்ரை பேரை நீயே கெடுக்கிறாய்!"

"பேரைக் காய்ச்சிப் பிள்ளைக்குப் பருக்கேலாது அண்ணை."

ரஞ்சினி இப்போது பள்ளிக்கூடக் கிணற்றில் அள்ளுகிறாள். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது.

கந்தையா அண்ணைக்கு இன்னும் ஆறவில்லை. நேற்றும் வந்து, நான் எழுதியதில் பிழை இருக்கிறது, 'தண்ணீர்' என்று வரவேண்டும் என்றார்.

இருக்கட்டுமே... என்னுடையது வெளியில் வந்துவிட்டது!