சித்தப்பாவின் பல்லி

மூடியில் ஆணியால் ஓட்டை குத்திய ஒரு பால் பவுடர் டப்பா, வளைகுடாவில், அல் ஐன் லேபர் கேம்ப் ரூமில் என் சித்தப்பாவின் தலைமாட்டில் இருந்தது. உள்ளே ஈரத்துணி, அதன் மேல் ஒரு பல்லி. ஆளாளுக்கு டிவி, ரேடியோ என்று வாங்கி வைத்திருக்க, இவர் பல்லி வளர்க்கிறார் என்று ரூமே சிரித்தது. எனக்கும் எரிச்சல்தான். விசா எடுத்து என்னைக் கூட்டி வந்த மனிதர் இப்படிக் கிறுக்குப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாரே என்று.

முதலில் அது டியூப்லைட்டுக்குப் பின்னால் தன்பாட்டுக்குத்தான் கிடந்தது. ஒருநாள் "பாப்பாவுக்குச் சரியாயிரும்" என்று சித்தப்பா சொல்லி வாய் மூடுவதற்குள் பல்லி சொன்னது. அவருடைய சின்ன மகளுக்கு இருதயத்தில் ஓட்டை; மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். லீவ் கேட்டால் ஃபோர்மேன் "மாஃபி", கிடையாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பாஸ்போர்ட்டோ கஃபீல் என்கிற அரபி முதலாளி கையில். போனில் விசாரிக்கலாமே என்பீர்கள். வளைகுடாவில் கிடப்பவனுக்குக் கெட்ட சேதியை எந்த வீடும் போனில் சொல்லாது. என் தாத்தா இறந்ததையே இவருக்குக் கருமாதி முடிந்த பிறகுதான் சொன்னார்கள். "ஊர்ல எல்லாரும் பொய் சொல்லுவாகடா. இது சொல்லாது" என்பார்.

கரப்பான்பூச்சிக்கு ரூம் ரூமாக மருந்தடிக்க ஆள் வந்தபோது, அவசரமாகப் பிடித்து டப்பாவில் போட்டார். அன்றிலிருந்து அது வாயைத் திறக்கவில்லை. மருந்தில் செத்த பூச்சியைக் கொடுக்கப் பயந்து, சைட் விளக்கடியில் விட்டில் பிடித்து வந்தார். விரல் நுனியில் தண்ணீர் காட்டினார். குளிர் அதற்கு ஆகாது என்று ஏசியை அணைத்துவிட்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற எல்லோரிடமும் ஏச்சு வாங்கினார். ஆபரேஷன் நாளன்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லு சாமி" என்று கெஞ்சினார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவரை விட்டுவிட்டு நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் சித்தி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றாள். பாப்பாவிடம் போனைக் கொடு என்றார். தூங்குகிறாள் என்றாள். அவர் நம்பவில்லை. எனக்கும் பொறுக்கவில்லை. கேம்ப்புக்கு வெளியே போய் என் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"புள்ள போயிருச்சுப்பா. சித்தப்பாகிட்ட சொல்லிராத. அங்க அவரைப் புடிச்சு அழ யாரு இருக்கா?"

ரூமுக்குத் திரும்பியபோது அவர் பல்லியைத் திறந்துவிட்டிருந்தார். மருந்து நெடி போய்விட்டதாம். அது சுவரேறி டியூப்லைட் ஓரமாக ஒட்டிக்கொண்டது. அவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"சொல்லு. ஏம் பாப்பா நல்லா இருக்காளா?"

பல்லி சொன்னது. விட்டு விட்டு, தெளிவாகவே சொன்னது.

சித்தப்பா விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார். பல்லி நல்லது சொன்னால் அப்படித் தட்டுவது எங்கள் வழக்கம். இப்போதும் என் மனைவி தட்டுகிறாள். நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அன்று அவரை விட்டுப் போக முடியவில்லை. அவர் தேம்பித் தேம்பி அழுதார், பிறகு சிரித்தார், பசிக்கிறது என்றார். குபூஸ் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தொட்டு, முதல் வாயை என்னிடம் நீட்டினார்.

"தின்னுடா. எனக்காக நீயும் பட்டினி கிடந்துட்ட."

வாங்கித் தின்றேன்.