மேசைக்கடியில் நெருப்பு

ஊட்டியில் கட்டாயம் சாப்பிட வேண்டிய இடம் என்று மகள் அழைத்துப்போன உணவகத்தில், குளிருக்காகக் கொண்டுவந்து வைத்த கரிச்சட்டியின் வாடை பட்டதும் நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன்.

சிறுவயதில் அப்பா என்னைச் சாப்பிடக் கூட்டிப்போகும், இப்போது இல்லாத மார்க்கெட் பாரில், மேசைக்கடியில் கனலும் கரிச்சட்டிகளுக்குக் கால்நீட்டி, எஸ்டேட்காரர்கள் மிளகுக்கறியும் பிராந்தியுமாக, தம்ளர்கள் உடைய உடையக் கத்திக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் என் கால் விறைக்கிறதென்று அப்பா பக்கத்து மேசைச் சட்டியை இழுத்தார்.

"ஏனுங்க, என்ற சட்டிய எதுக்கு இழுக்கறீங்க?" என்றான் அந்த மேசைக்காரன்.

"உங்க பொண்டாட்டியவா இழுத்தேன்?" என்று அப்பா சிரித்தார்.

அவன் சட்டியைத் தூக்கி அவர் முகத்தில் கொட்டினான். மஃப்ளர் கருகக் கருக, அப்பா என்னைத் தடவித் தேடினார்.

"உன்ற மேல படலையே கண்ணு?"

"இல்லீங்கப்பா."

அவர் கண் திறந்துதான் இருந்தது. நான் நின்ற பக்கம் அது திரும்பவேயில்லை.