புல்லுருவிக்கு ஐம்பத்திரண்டு லைக்

கார்த்திகை மாதம் பிச்சாட்டூர் போயிருந்தபோது எங்கள் தோப்பில் ஒரு மாமரத்தைப் போட்டோ எடுத்தேன். பக்கத்து மரங்கள் சோர்ந்து நிற்க, இது மட்டும் தலை நிறைய இலையோடு நின்றது. போதாததற்கு ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ வேறு. திருப்பதியில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டு, 'இயற்கையின் கருணை' என்று தலைப்பும் கொடுத்தேன்.

ஐம்பத்திரண்டு லைக். பார்க்கிங் தகராறில் மூன்று வருடமாக முகம் பார்க்காத இரண்டு பேர்கூட அடுத்தடுத்துக் கை கூப்பியிருந்தார்கள்.

மாமரத்தில் எப்படி ஆரஞ்சுப் பூ பூக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நான்தான் தோப்புக்காரன் ஆயிற்றே...

மறுநாள் லிஃப்டில் பத்மாவதி மேடம். மூன்றாவது மாடிக்காரர், கல்லூரியில் தாவரவியல் எடுப்பவர். குரூப்பில் சொன்னால் என் மானம் போகும் என்று காத்திருந்தார் போல. "தப்புகா அனுகோகண்டி சார்" என்று தெலுங்கில் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

"நீங்க போட்டதுல இருக்கறது மாமரத்து இலை இல்ல சார். பூவும் அதோடது இல்ல. ரெண்டும் புல்லுருவி."

லிஃப்ட் தரைக்கு வந்த பிறகும் பாடம் முடியவில்லை. விரல் நீளக் குருவி ஒன்று புல்லுருவிப் பழத்தைத் தின்னுமாம். விதை பசையோடு வெளியே வருவதால், குருவி உட்கார்ந்த கிளையிலேயே பின்பக்கத்தைத் தேய்த்துத் துடைத்துக்கொள்ளுமாம். விதை அங்கேயே ஒட்டி, பட்டையைத் துளைத்து, மரத்தின் குழாயிலேயே தன் குழாயைச் செருகிவிடும். இலை இருப்பதால் சமையல் மட்டும் சொந்தமாகச் செய்துகொள்ளும். தண்ணீரும் உப்பும் வீட்டுக்காரருடையது. கோடையில் மரம் சிக்கனமாக இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். புல்லுருவிக்கு அந்தக் கவலை எதற்கு? டேங்க் அதனுடையதா என்ன?

இதைப் படிக்கும்போது உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அக்காவுக்குப் போன் போட்டேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். மாமா காலமான பிறகு அந்த ஊரிலேயே இருந்து தோப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். தோப்பு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. பங்கும் சரியாகத்தான் பிரித்திருக்கிறோம் — உழைப்பு அவளுடையது, ஆலோசனை என்னுடையது.

பெரிய கண்டுபிடிப்பைப்போல விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்டா. மூணு வருஷத்துக்கு முன்னாடியே வெட்டலாமான்னு உன்னக் கேட்டேன். பச்ச மரத்துல கத்தி வெக்காதன்னு நீதான் சொன்னே. பேப்பர்ல எழுதறவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

சொன்னேன்தான். அந்த வாரம் பேப்பரில் இதே பத்தியில் மரம் வெட்டுகிறவர்களை வறுத்தெடுத்திருந்தேன். அந்தச் சூட்டோடு அக்காவுக்கும் அரைமணி நேரம் போனில் வகுப்பு எடுத்தேன். நீங்கள்கூடப் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். உங்களுக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு.

அப்போது ஒரே ஒரு மரத்தில் இருந்தது. இப்போது பதினான்கில். வழக்கமாக எங்கள் காயை எடுக்கும் வியாபாரி நான் போன் செய்த வாரம்தான் வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த வருடம் வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். தப்பு செய்தவனுக்கு ஒன்றும் ஆகாத ஏற்பாடு எவ்வளவு கச்சிதமாக அமைந்துவிடுகிறது, பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய்விட்டேன். மரம் ஏறும் முனிரத்தினம் வந்திருந்தார். கிளையை விட்டுவிட்டுப் புல்லுருவியை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். கைக்கு எட்டிய ஒன்றைப் பிடித்து இழுத்தும் காட்டினேன். சுலபமாக முறிந்து வந்தது. பெருமையாகத் திரும்பினேன்.

முனிரத்தினம் சிரிக்கவில்லை. "ஒடிச்சா போவாது சார். அது உள்ள பூந்துக்கினு இருக்குது. ஒன்னு ஒடிச்ச எடத்துல நாலு வரும்."

கிளை வீங்கிய இடத்துக்கு ஒரு முழம் உள்ளே தள்ளி, நல்ல மரத்தோடு சேர்த்து வெட்டவேண்டும். அதுதான் வழி. ஒட்டிக்கொண்டது போக வேண்டுமானால் ஒட்டவிட்டதும் கொஞ்சம் போகத்தான் வேண்டும்.

வெட்டிப் போடப் போட, ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்த ஆரம்பித்தார்கள். புத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கிறவர், கல்லாப்பெட்டியில் வைக்க ஒரு துண்டு கேட்டார். வியாபாரம் பெருகுமாம். எங்கள் வியாபாரத்தை முடித்துவிட்டது இதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். அது வேறு, இது வேறு என்றார். பிறகு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். மாமரத்துப் புல்லுருவி சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யூடியூபில் பார்த்தார்களாம். டாக்டரைப் பாருங்கள் என்றேன். கஞ்சனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, கீழே கிடந்ததில் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள்.

மத்தியானத்துக்குள் ஏழு பேர் வந்தார்கள். மாமரம் பிழைக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக, நான் போட்டோ எடுத்த மரம். அதில் புல்லுருவி தொடாத கிளை என்று ஒன்றுகூட இல்லை. அடிமரம் பிரியும் கவட்டை வரைக்கும் எடுத்துவிட்டால்தான் பிழைக்கும் என்றார் முனிரத்தினம். எனக்கு மனசு வரவில்லை. பாதியை மட்டும் வெட்டி, ஒரு வருடம் பார்க்கலாமே என்று இழுத்தேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீ சாயங்காலம் பஸ் ஏறிடுவே. நான் தெனம் இத்தப் பாத்துக்கினு இருக்கணும். மேல ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லு, வுட்டுடறேன்."

ஐம்பத்தொன்பது வயதில் ஏணியில் ஏறினேன். கிட்டே போய்ப் பார்த்தால், ஒட்டிய இடம் குழந்தையின் தலை அளவுக்கு வீங்கியிருந்தது. அதற்கு அப்பால் மாங்கிளை வெறும் குச்சியாகக் காய்ந்து கிடந்தது. ஒரு கிளை, இரண்டு கிளை, மூன்று கிளை என்று தேடினேன். அத்தனை பச்சையில் மாவிலை என்று கைக்கு ஒன்றுகூடச் சிக்கவில்லை. அந்த மரம் தனக்கென்று ஓர் இலைகூட இல்லாமல் இன்னொன்றுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது... நான் வேண்டாம் என்று சொன்ன அந்த மூன்று வருடமும்.

"ரம்பத்தைக் குடுங்க" என்று முனிரத்தினத்திடம் கேட்டேன். முதல் கிளையை நானே அறுத்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. மீதியை அவர் முடித்து, வெட்டுவாய்களில் மருந்து குழைத்துப் பூசினார். சாயங்காலம் அங்கே ஒரு மொட்டைத் தூண்தான் நின்றது. அக்கா அதன் பக்கம் திரும்பாமல் எனக்குச் சோறு போட்டாள். நானும் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டரை மாதம் கழித்து, போன ஞாயிறு மறுபடி போனேன். மற்ற மரங்களில் பூ வந்திருக்கிறது. வெட்டுப்பட்டவற்றில் குறைவுதான், ஆனால் வந்திருக்கிறது. வியாபாரியும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். மொட்டைத் தூணில் நாலைந்து இடத்தில் செம்பு நிறத்தில் துளிர். எல்லாம் மாவிலை. தொட்டுப் பார்த்துக்கொண்டேன். போட்டோ எடுக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது, பக்கத்து மரத்தின் தாழ்ந்த கிளையில் தீக்குச்சி நீளத்தில் ஒரு புல்லுருவி முளை. தடித்த இலை இரண்டே இரண்டு. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அக்கா கிளையோடு வெட்டிவிட்டாள்!