பனியையும் புகையென்று எண்ணிய பெட்டி

மழை பெய்து ஓய்ந்திருக்கிறது, பக்கத்தில் எங்கும் நெருப்பு இல்லை, ஆனாலும் காற்றை அளக்கும் பெட்டியில் எண் ஏன் ஏறுகிறது? ஜீனத் அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். காற்று அவ்வளவு மோசமாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஜீனத் அக்கா அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டித் தையல் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் காலி மனை. ஒவ்வொரு பௌர்ணமி முடிந்ததும் அன்னதானத் தட்டுகளும் பிளாஸ்டிக் தம்ளர்களும் அந்த மனையில்தான் குவியும். குப்பை ஒப்பந்தக்காரரின் ஆள் முருகையன் அதை மூன்று நான்கு நாள் சாயங்காலத்தில் எரிப்பார். புகை நேராக அக்கா வீட்டு ஜன்னலுக்கு வரும். மகள் நூரைன் நான்காம் வகுப்பு படிக்கிறாள். புகை வந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும், மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது. எரிப்பதை நிறுத்தினால் போதும், அக்காவுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வாயால் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். காற்றிலுள்ள தூசியை அளக்கும் சின்னப் பெட்டி ஒன்றை என் அண்ணன் சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தான். அதை அக்கா வீட்டு ஜன்னலில் மாட்டினேன். எண்கள் என் போனுக்கு வரும். அக்கா தன் பங்குக்கு, நெருப்பு வைக்கும் நாளையும் நேரத்தையும் அளவு நோட்டில் பிளவுஸ் அளவுகளுக்கு நடுவே குறித்து வந்தார்.

ஐப்பசியும் கார்த்திகையும் அளந்தோம். மனு எழுதும்போதுதான் நான் கெடுத்தேன். பெரிய எண்ணாக இருந்தால் அதிகாரிகள் பயப்படுவார்கள் என்று நினைத்து, மிக அதிகமாகக் காட்டிய பதினோரு நாள்களை மட்டும் அச்செடுத்தேன். நோட்டில் உள்ளதையும் சேர்க்கலாமே என்று அக்கா கேட்டார். பிளவுஸ் அளவோடு எழுதியதை யார் நம்புவார்கள் என்று சொல்லி நான்தான் தடுத்தேன்.

வேங்கிக்காலில், காற்று மாசைக் கவனிக்கும் அலுவலகத்தில் மனுவை வாங்கிய பொறியாளர் சக்கரபாணி எல்லாப் பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"இதுல ஒம்போது நாள் விடியக்காலை அஞ்சு மணி. அந்நேரத்துல யாராவது எரிச்சாங்களாம்மா?"

இல்லை. முருகையன் எரிப்பது சாயங்காலத்தில்தான்.

அவரே விளக்கினார். இந்தப் பெட்டி காற்றில் ஒளியைப் பாய்ச்சி, தூசியில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்கிடுகிறது. காற்றில் ஈரம் அதிகமானால் தூசி நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். பனித்துளியும் அதற்குத் தூசிதான். அதனால் ஈரப்பதத்தையும் கூடவே அளந்து எழுத வேண்டும், நெருப்பு வைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார். அத்தனையும் சரி. அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பனியின் ஈரம் கலந்திருப்பதால் அளவீடு ஏற்கத்தக்கதல்ல, மனு முடித்துவைக்கப்படுகிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதன் நகல் ஒப்பந்தக்காரருக்கும் போயிருக்கிறது. அடுத்த பௌர்ணமி முடிந்து குப்பைக்கு நெருப்பு வைத்த முருகையன், ஜன்னலைச் சாத்த வந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னாக்கா, இன்னிக்கும் பனி ஜாஸ்தியா? போர்வ போத்திக்கோங்க."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் நூரைனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அவளை மடியில் சாய்த்துக்கொண்டு வந்த அக்கா என்னைத் திட்டவில்லை.

"ஒரு தடவ தப்பா எழுதிக் குடுத்துட்டோம் எழிலு. இனிமே கண்ணு எரிய புகை வந்தாலும் பனின்னுதான் சொல்லுவானுங்க."

இப்போது ஈரப்பதம் காட்டும் கருவியும் ஜன்னலில் இருக்கிறது. ஆனால் வெயில் ஏறிவிட்டது. தகரக் கூரையின் சூட்டில் பெட்டி மத்தியானமே நின்றுவிடுகிறது. சாயங்காலம் நெருப்பு வைக்கும்போது அது ஓடுவதில்லை. நிழல் தேடி மூன்று முறை இடம் மாற்றிவிட்டேன். அக்கா நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறார். முருகையன் எரித்துக்கொண்டே இருக்கிறார். நூரைன் இந்த மாதம் ஆறு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

உங்கள் ஊரிலும் குப்பைப் புகையைத் தாங்க முடியாமல் யாராவது இப்படி ஒரு பெட்டி மாட்டியிருப்பார்கள். இதை அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் மனு கொடுப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.